சுமைதாங்கியை வீட்டு வாசலில் நட்ட கதை

கணக்கு நோட்டில் கூட்டிப் பார்த்தால் 59,360 ரூபாய் வருகிறது. வக்கீல் பீஸ் 12,000, அவசரத்துக்கு வாங்கிய செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் 18,500, கைவிட்டுப் போன வேலை 25,000, மிச்சம் நெட் லைன் சம்பந்தப்பட்ட செலவு. ஏழு மாதம் ஒழுங்காகத் தூங்காததை எந்தப் பத்தியில் எழுதுவதென்று தெரியவில்லை. எல்லாம் டோர் என்ற இணைய வலையில் முகம் தெரியாத யாருக்கோ உதவப் போய் வந்தது. யார், எங்கிருந்து பார்க்கிறார் என்பதை மறைத்து, தடுத்து வைத்த தளங்களையும் பார்க்க உதவும் வலை அது. உதவியதை நினைத்து இன்றும் எனக்கு வருத்தமில்லை. என் வீட்டு முகவரியில் இருந்துகொண்டு உதவினேன் பாருங்கள், அதற்குத்தான் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். பாளையங்கோட்டையில் அம்மாவோடு இருந்து வீட்டிலேயே டிடிபி வேலை பார்க்கிறவள் நான். கம்ப்யூட்டர் ஓரளவு தெரியும் என்ற தைரியத்தில் என்னைப் போலவே யாராவது இதில் இறங்கக்கூடும். அவர்களுக்காக நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இந்த ஆசை 2018 மே மாதத்தில் முளைத்தது. 22ஆம் தேதி தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் ஐந்து நாளுக்கு இணையத்தை நிறுத்தச் சொல்லி ஆணை வந்தது. அப்போது என்னிடம் டாங்கிள்தான், வீட்டுக்கு லைன் கிடையாது. சென்னையில் ஒரு அச்சகத்துக்கு 48 பக்க மலர் ஒன்றை அனுப்பியாக வேண்டும். முதல் நாள் மாடிக்குப் போய்ப் பார்த்தேன், இரண்டாம் நாள் சிம்மை மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி சாத்தூர் போய்விட்டேன். அது விருதுநகர் மாவட்டம். ஸ்டேஷனில் இறங்கியதும் போனில் வரிசையாக மணியடித்தது. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து பைலை அனுப்பினேன். பக்கத்தில் ஒரு பையன் கல்லூரி விண்ணப்பத்துக்காக வந்திருந்தான், அவனும் நெல்லைதான். திரும்பும்போது கால் கிலோ சேவு வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய. வீட்டில் நெட் திரும்ப வந்த ராத்திரி "தடையைத் தாண்ட வழி" என்று தேடத் தொடங்கியவள்தான்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியதை நான் இரண்டு வருடம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். ஒரு தளத்தை மட்டும் மறைப்பது வேறு, லைனையே அணைப்பது வேறு. 2018இல் எங்களுக்கு நடந்தது இரண்டாவது. அதற்கு விபிஎன், டோர் மாதிரி சுற்றுவழியில் கொண்டுபோகும் மென்பொருள் எதுவும் கைகொடுக்காது. ரோட்டையே தோண்டிப் போட்டபிறகு எந்த வண்டியில் போனால் என்ன? அந்த மாதிரி நேரத்துக்கு முன்கூட்டியே ஆப்லைனில் பைல்களை வைத்துக்கொள்வது, பக்கத்து மாவட்டத்துக்கு ரயில் நேரம் தெரிந்து வைத்திருப்பது, இவைதான் வழி. சட்டம் தெரிய வேண்டியவர்களுக்கு ஒன்று: 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் அனுராதா பாசின் வழக்கில், இணையத்தை நிறுத்தும் ஆணைகளை அரசு வெளியிட வேண்டும் என்றும், காலவரையின்றி நிறுத்தி வைக்க முடியாது என்றும் சொல்லியிருக்கிறது. ஆணை எங்கே என்று கேட்பதற்கு அது உதவும்.

2021இல் அத்தான் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனார். அங்கே வாட்ஸ்அப்பில் மெசேஜ் வரும், கால் பேச முடியாது. போட்டிம் என்ற ஆப்பில் பணம் கட்டிப் பேசினோம். "டோர் போட்டுப் பேசலாமே" என்று நான் பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். அது இரண்டு விதத்தில் தப்பு. டோர் டிசிபி என்ற வகைப் போக்குவரத்தை மட்டுமே சுமக்கும், இந்த மாதிரிக் கால்கள் ஓடும் யுடிபி என்ற வகை அதற்குள் போகாது. போனாலும் மூன்று நாடு சுற்றி வருவதில் பேச்சு எச்சிலை விழுங்கி விழுங்கித்தான் கேட்கும். இரண்டாவது, அமீரகச் சட்டத்தில் ஐபியை, அதாவது இணையத்தில் நம் லைனைக் காட்டும் முகவரி எண்ணை, மறைத்துக் குற்றம் செய்தால் சிறையோ 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. அதில் எது குற்றம், எது குற்றமில்லை என்று அங்கே போய் வாதாட நமக்குத் தெம்பு இருக்கிறதா? அத்தான் தெளிவாகச் சொன்னார்: "வேண்டாம்ளா. மாசம் அம்பது திர்ஹாமுக்குப் பாத்து நான் ஜெயில்ல கெடக்கணுமா?" வளைகுடாவில் ஆள் இருக்கிற எல்லா வீட்டுக்கும் நானும் அதையே சொல்வேன். இங்கே உட்கார்ந்து யோசனை சொல்கிறவர்களுக்கு அங்கே ஆபத்தில்லை, யோசனையைக் கேட்கிறவருக்குத்தான்.

ஆனாலும் டோர் என்னை விடவில்லை. அது வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. எங்கள் பக்கம் பஸ்ஸில் பார்சல் கொடுத்துவிடுவோம் இல்லையா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பாபநாசத்தில் ஒருவர் பார்சலை அம்பாசமுத்திரம் வரை போகிறவரிடம் கொடுக்கிறார். அவர் அங்கே இன்னொருவரிடம் கொடுக்கிறார். அந்த இன்னொருவர் ஜங்ஷனில் மூன்றாமவர் கையில் சேர்க்கிறார். மூன்றாமவர்தான் உரிய வீட்டுக் கதவைத் தட்டுகிறார். நடுவில் இருப்பவருக்குத் தனக்கு முன்னால் யார், அடுத்து யார் என்பது மட்டும் தெரியும். பார்சல் எங்கே கிளம்பியது என்றும் தெரியாது, எந்த வீட்டுக்கு என்றும் தெரியாது. ஒவ்வொரு கைக்கும் ஒரு உறை என்று மூன்று உறை போட்டுப் பூட்டியிருப்பதால் எட்டிப் பார்க்கவும் முடியாது. இந்த வெங்காயத் தோல் யோசனை 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்தது. 2002இல் டோர் வெளியே வந்தது, 2006 முதல் லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்று நடத்துகிறது. ஆனால் பார்சலைக் கைமாற்றும் அந்த ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் அந்த அமைப்புக்குச் சொந்தம் என்று அதிகமில்லை. எல்லாம் உலகம் முழுக்க ஆட்கள் சொந்தக் காசில் வைத்து ஓட்டுவது. அப்படி ஒரு கம்ப்யூட்டருக்கு ரிலே என்று பேர். அதைப் படித்தபோது எனக்கு அம்மா ஊர் களக்காடு ரோட்டில் இருந்த சுமைதாங்கிக் கல் ஞாபகம் வந்தது. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன யாரோ ஒரு பெண் பேரில் நட்டது. தலைச்சுமையோடு போகிறவர்கள் யார் துணையும் இல்லாமல் இறக்கி வைத்து மூச்சு வாங்கிவிட்டுப் போகலாம். கல்லை நட்டவரை யாரும் கேட்பதில்லை.

2022 செப்டம்பரில் ஈரானில் மாசா அமினி காவலில் இறந்ததை ஒட்டிப் போராட்டம் வெடித்து, அங்கே வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் முடக்கப்பட்டன. அப்போதுதான் ஸ்னோஃப்ளேக் என்பதைப் போட்டேன். பிரவுசரில் சேர்க்கிற சின்ன எக்ஸ்டென்ஷன். டோருக்குள் நுழையும் கதவே அடைபட்ட நாடுகளில் இருப்பவர்களுக்கு நம் பிரவுசர் கொஞ்ச நேரம் சந்து வழியாகிறது. வெளியிலிருந்து பார்த்தால் யாரோ இரண்டு பேர் வீடியோ கால் பேசுகிற மாதிரிதான் தெரியும். முக்கியமாக, அவர்களுடைய போக்குவரத்து நம் வீட்டிலிருந்து உலகத்துக்கு வெளியேறுவதில்லை, டோருக்குள்ளேதான் போகிறது. பழி நம் ஐபி மீது விழாது. கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை பேருக்கு உதவியது என்று ஒரு எண் காட்டும். முதல் ராத்திரி அதில் ஏழு என்று பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா எட்டிப் பார்த்து, "ஏட்டி, என்னத்தப் பாத்து அழுத?" என்றாள். தண்ணீர்ப் பந்தல் மாதிரிம்மா என்றேன். "அப்பம் நல்லதுதான்" என்று போய்விட்டாள். அதோடு நான் நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை. 2023 ஜனவரியில் வீட்டிலேயே முழு ரிலே வைக்க முடிவு செய்தேன். நம் ஊர் பைபர் லைன்களில் பெரும்பாலும் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே ஐபிதான் வெளியே தெரியும். ரிலே வைக்க நமக்கென்று தனி ஐபி வேண்டும். கேபிள் அண்ணாச்சியிடம் கேட்டேன். "எதுக்கும்மா, கேமரா போடவா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது நான் சொன்ன முதல் பொய். பின்னால் அது என்னைக் கடித்தது. வருடத்துக்கு 2,360 ரூபாய், ஆதார் நகல், கையெழுத்து. அந்தக் கையெழுத்தோடு அந்த ஐபியின் நான்கு எண்களும் என் பேரும் என் தெருவும் ஒன்றாகிவிட்டன என்று அன்று எனக்கு உறைக்கவில்லை. பழைய டெஸ்க்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, ரிலேவுக்குப் பேர் வைக்கச் சொன்ன இடத்தில் ஆங்கில எழுத்தில் சுமைதாங்கி என்று வைத்தேன்.

முதல் அடி வேகத்தில் விழுந்தது. எவ்வளவு வேகத்தைத் தானம் செய்கிறோம் என்று ரிலேவின் அமைப்புக் கோப்பில் (செட்டிங்ஸ் பைல்) எழுத வேண்டும். விநாடிக்கு 10 மெகாபிட் என்று நினைத்துக்கொண்டு 10 மெகாபைட் என்று எழுதிவிட்டேன். எட்டு மடங்கு. 10 மெகாபிட் ஓடினாலே ஒரு நாளைக்கு உள்ளே 108 ஜிபி, வெளியே 108 ஜிபி. அன்லிமிடெட் என்று விற்ற என் பிளானுக்கு மாதம் 3,300 ஜிபி வரம்பு, அந்தக் கணக்கில் 15 நாளில் தீரும். நான் எழுதியபடி முழுசாக ஓடினால் இரண்டே நாள். ஆனால் புது ரிலேவை டோர் உடனே நம்பாது. முதல் மூன்று நாள் கிட்டத்தட்ட ஒன்றும் வராது, அப்புறம் அளந்து பார்க்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், முழு ஓட்டத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேலாகும். அதனால் முதல் வாரம் "எல்லாம் சரி" என்று நான் நிம்மதியாக இருந்தேன். 19ஆம் நாள் வரம்பு தீர்ந்து, வாடிக்கையாளருக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பக் கட்டை வண்டி வேகம். பைட்டா பிட்டா என்று இரண்டு தடவை பாருங்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு வைக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது, முதல் நாளே அதைப் போடுங்கள்.

அடுத்து, தளங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. ரிலேக்களின் பட்டியல் பகிரங்கமானது, யாரும் பார்க்கலாம். பல நிறுவனங்கள் நடுவில் இருக்கும் ரிலே எது, கடைசியில் இருப்பது எது என்றெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை, பட்டியலில் உள்ள ஐபி எல்லாவற்றையும் மொத்தமாகத் தடுத்துவிடுகின்றன. அம்மாவின் பேங்க் தளம் திறக்கவில்லை. ஆர்டர் போடும் இடத்தில் எல்லாம் டிராபிக் சிக்னல் படத்தைக் காட்டி, சைக்கிள் எது, பஸ் எது என்று கேள்வி. அம்மா பென்ஷன் விவரம் பார்க்க ஒரு வாரம் என் போன் நெட்டில்தான் ஓட்டினாள். வேலைக்கும் வீட்டுக்கும் பயன்படுத்துகிற அதே ஐபியில் ரிலே வைத்தால் இது நிச்சயம் நடக்கும்.

இவ்வளவுக்கும் அப்புறமாவது புத்தி வந்ததா? ஏப்ரலில் எக்ஸிட் ஆக்கினேன். மூன்றாவது கை, உரிய வீட்டுக் கதவைத் தட்டுகிற கை. எக்ஸிட் வைக்க முன்வருகிறவர்கள் குறைவு என்று படித்தேன். பட்டியலைத் தேடினால் ஜெர்மனி, அமெரிக்கா, நெதர்லாந்து என்றே நீண்டுகொண்டு போனது. இந்தியா எங்கோ கீழே கிடந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கோப்பில் ஒரே ஒரு வரி, பூஜ்யத்தை ஒன்றாக்க வேண்டும். வீட்டிலிருந்து எக்ஸிட் ஓட்டாதீர்கள் என்று டோர் அமைப்பாரே தங்கள் பக்கத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பத்தியை நான் கண்ணால் பார்த்தேன், மனசால் படிக்கவில்லை. அது வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டேனோ என்னவோ.

ஜூனில் கேபிள் அண்ணாச்சி வந்தார். "எம்மா, ஒங்க வீட்டு லைன்ல இருந்து புதுப்படம் இறக்குதாங்கன்னு மேல இருந்து மெயில் மேல மெயிலா வருது. கேமரான்னு சொன்னியளே?" எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னேன். பாதி புரிந்தது அவருக்கு. "எதையும் செய்ங்க, என் பொழப்புல மண்ணைப் போட்டுராதிய" என்று மட்டும் சொன்னார். ராத்திரியே, படம் இறக்கும் டொரண்ட் ஓடுகிற போர்ட்டுகளை (லைனில் ஒவ்வொரு வேலைக்கும் உள்ள எண் போட்ட வாசல்கள்) அடைத்தேன். எக்ஸிட்டிலிருந்து எந்தப் போர்ட்டுகளுக்கு வெளியே போகலாம் என்று சுருக்கி வைக்கிற தயார் பட்டியல் ஒன்று உண்டு, அதை முதலிலேயே போட்டிருந்தால் இந்த மெயில்களில் பாதிக்கு மேல் வந்திருக்காது. அண்ணாச்சியிடம் முதலிலேயே விவரம் சொல்லியிருந்தால் அவர் வேண்டாம் என்றிருப்பார். அதுவும் எனக்கு நல்லதாகத்தான் முடிந்திருக்கும். அவரோடு போட்ட ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், வீட்டு லைனில் சர்வர் ஓட்டக் கூடாது என்று இருந்தது வேறு கதை.

ஆகஸ்ட் மாதம், காலை பத்தரை. நான் கல்யாணப் பத்திரிகை ஒன்றில் மாமன்மார் பெயர் வரிசையைத் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா வாசலில் இருந்து குரல் கொடுத்தாள்: "ஏட்டி, ரெண்டு பேரு வந்திருக்காவ, போலீஸ் மாதிரி இருக்கு." மப்டியில் இரண்டு பேர். கையில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 91ஆம் பிரிவின்படி ஒரு நோட்டீஸ், வேறு மாநிலத்து போலீஸ் கேட்டு இங்கே வந்தது. யாரோ ஒருவருடைய கணக்கில் புகுந்து பணத்தை எடுத்திருக்கிறார்கள். புகுந்த நேரத்தில் பதிவான ஐபி என் ஐபி. அந்தக் கம்ப்யூட்டர் விவரங்களோடு மறுநாள் ஸ்டேஷனுக்கு வர வேண்டும். எதிர்வீட்டு மைனி துணி காயப்போடுகிற சாக்கில் அரை மணி நேரம் மாடியிலேயே நின்றாள்.

அன்று ராத்திரி நான் செய்யப் பார்த்ததை மறைக்காமல் சொல்கிறேன். டிஸ்க்கை அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கட்டளையை முழுசாக டைப் செய்துவிட்டேன், என்டர் மட்டும்தான் பாக்கி. அத்தானுக்கு போன் செய்தால் லைன் கிடைக்கவில்லை. கை நடுங்கிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கம்ப்யூட்டரை அப்படியே அணைத்துவிட்டுப் படுத்தேன். பின்னால் வக்கீல் சொன்னார், அந்த என்டரை அடித்திருந்தால் தடயத்தை அழித்ததாக என் மேலேயே வழக்கு வந்திருக்கும் என்று. ஒன்றும் செய்யாதவள் குற்றவாளி ஆகியிருப்பேன். ரிலேவில் யார் வந்தார், எங்கே போனார் என்ற பதிவு இயல்பாகவே இருக்காது. அழிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

மறுநாள் ஸ்டேஷனில் நான்கு மணி நேரம். அதிகாரி கத்தவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். "இந்த நேரத்துல கம்ப்யூட்டர்ல யாரும்மா உக்காந்திருந்தா?" என்று கேட்டார். யாரும் உட்காரவில்லை சார், அது ரிலே என்றேன். "ரிலேன்னா? ஓட்டப்பந்தயமா?" என்றார். பக்கத்தில் இருந்த ஏட்டு சிரித்தார். அந்த மாதிரிதான் சார், கம்பை வாங்கி அடுத்த கைக்குக் கொடுக்கிறது, கடைசிக் கை என்னுடையது என்றேன். "அப்பம் கம்பைக் குடுத்தது யாரு?" தெரியாது சார். "தெரியாதவன் குடுத்த கம்பை வாங்கி நீங்க ஏன்மா ஓடுதீங்க?" அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஈரான், சாத்தூர், சுமைதாங்கி எல்லாம் சேர்ந்த பெரிய பதில். ஆனால் அந்த மேஜைக்கு முன்னால் அது வாயில் வரவில்லை. கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டார்கள். என் முட்டாள்தனம், வாடிக்கையாளர்களின் பேக்கப்பை அதே டிஸ்க்கில் வைத்திருந்தது. ஒரு பள்ளிக்கூட ஆண்டு மலர் வேலை அதோடு போயிற்று. போலீஸ் வீட்டுக்கு வந்தது என்று கேள்விப்பட்டு இன்னொருவரும் வேலையை வாங்கிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

வக்கீலைப் பிடித்தது அதற்கு அப்புறம். கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடி அறையில் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க ஏம்மா ஸ்டேஷனுக்குப் போனிய?" என்பது. சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை அவள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது என்று 160ஆம் பிரிவில் இருக்கிறதாம். 2024 ஜூலை முதல் வந்த புதுச் சட்டத்தில் அது 179ஆம் பிரிவு. எனக்கு எப்படித் தெரியும்? நோட்டீஸ் வந்தால் அந்த நிமிடமே வக்கீலைக் கூப்பிடுங்கள், மறுநாள் என்று வைக்காதீர்கள். அடுத்து அவர் கேட்டது மகஜர் நகல், அதாவது போலீஸ் எதை எடுத்துக்கொண்டு போனது என்று எழுதிய காகிதம். இருந்தது. அதில் டிஸ்க்கின் ஹாஷ் மதிப்பு குறித்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை. டிஸ்க்கில் உள்ளது ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் நீண்ட எண் அது. எடுக்கும்போதே அதைக் குறித்து நகல் கேட்பது நம் பாதுகாப்பு. எனக்கு அந்த வார்த்தை தெரியும், பிடிஎஃப் சரிபார்க்க நானே பயன்படுத்தியிருக்கிறேன். பயத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

என்னைக் காப்பாற்றியது ஒரு காகிதம். எக்ஸோனரேட்டர் என்று டோர் அமைப்பார் ஒரு தேடுபக்கம் வைத்திருக்கிறார்கள். ஐபியையும் தேதியையும் கொடுத்தால், அந்த நாளில் அந்த ஐபி டோர் ரிலேவாக இருந்ததா, எக்ஸிட்டாக இருந்ததா என்று சொல்லும். அதை அச்செடுத்து, டோர் என்றால் என்ன என்று தமிழில் ஒரு பக்கம் நானே எழுதி, அந்த நேரத்தில் நான் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் இருந்ததற்கான ஆதாரத்தோடு வக்கீல் எழுத்தில் பதில் கொடுத்தார். டோரைப் பயன்படுத்தவோ ரிலே வைக்கவோ கூடாது என்று இந்தியாவில் தனியாகச் சட்டம் எதுவும் இல்லை என்பதையும் அதில் சேர்த்தார். அந்தத் தமிழ்ப் பக்கத்தை நான் ஜனவரியிலேயே எழுதி வைத்திருந்தால் ஸ்டேஷனில் அந்த நான்கு மணி நேரம் நாற்பது நிமிடத்தில் முடிந்திருக்கலாம்.

காத்திருந்த மாதங்களில்தான் டிமித்ரி பகாதவ் பற்றிப் படித்தேன். மாஸ்கோவில் கணித ஆசிரியர், வீட்டில் எக்ஸிட் வைத்திருந்தவர். யாரோ அவர் ஐபி வழியாகப் போட்ட பதிவுகளுக்காக 2017 ஏப்ரலில் கைதாகி, ஜூலை வரை சிறையில் இருந்து, அப்புறம் வீட்டுக் காவல். 2018இல்தான் வழக்கு கைவிடப்பட்டது. நம்மை விடப் பெரிய படிப்புப் படித்தவர். அவர் கதையை ரிலே வைக்கும் முன்னால் படித்திருந்தால் என்று எத்தனை ராத்திரி நினைத்திருப்பேன்.

டோரைப் பயன்படுத்த மட்டும் நினைப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைசிக் கையில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன்: பூட்டுப் போடாத தளத்துக்குப் போனால், எக்ஸிட் வைத்திருப்பவர் நினைத்தால் நீங்கள் அனுப்புவதைப் படிக்க முடியும். 2007இல் டான் எகர்ஸ்டாட் என்ற ஸ்வீடன்காரர் சொந்த எக்ஸிட்டில் உட்கார்ந்து தூதரகங்களின் மெயில் பாஸ்வேர்டுகளை வாரி எடுத்துக் காட்டினார். நான் பார்க்கவில்லை. ஆனால் பார்க்கவில்லை என்பதற்கு என் வார்த்தைதான் சாட்சி, அதை நீங்கள் ஏன் நம்ப வேண்டும்? தள முகவரியில் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டு இருக்கிறதா பாருங்கள். டோருக்குள் போய் உங்கள் சொந்தப் பேர் போட்ட கணக்கில் நுழைந்தால் முகமூடி போட்டுக்கொண்டு பேரைச் சொன்ன மாதிரி. நீங்கள் டோர் பயன்படுத்துவது உங்கள் நெட் கம்பெனிக்குத் தெரியும், என்ன பார்க்கிறீர்கள் என்பதுதான் தெரியாது. அதையும் மறைக்க வேண்டியவர்களுக்குப் பட்டியலில் வராத நுழைவு ரிலேக்கள், அதாவது பிரிட்ஜ்கள், இருக்கின்றன. விபிஎன் இருக்கிறதே என்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம். 2022 ஏப்ரல் 28இல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி இங்குள்ள விபிஎன், வாடகை சர்வர் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். அதனால் சில நிறுவனங்கள் தங்கள் சர்வர்களையே இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போயின.

உதவத்தான் வேண்டும் என்று மனசு அரிக்கிறவர்களுக்கு, ஸ்னோஃப்ளேக் போதும். லேப்டாப் திறந்திருக்கும்போது ஓடட்டும். கொஞ்சம் காசு இருந்தால், வக்கீல் வைத்து, சங்கமாகப் பதிவு செய்து எக்ஸிட் ஓட்டும் அமைப்புகளுக்குக் கொடுங்கள். அவர்களுடைய ஐபி பேரிலேயே இது டோர் எக்ஸிட் என்று எழுதியிருக்கும், தட்டுகிற போலீசுக்கு வாசலிலேயே பதில் கிடைக்கும். ரிலேதான் வைப்பேன் என்றால் வீட்டு லைனை விட்டுவிட்டு வெளியே, ரிலே வைக்கலாம் என்று எழுத்தில் சொல்லும் நிறுவனத்தில் சர்வர் எடுங்கள், எக்ஸிட் வரியைப் பூஜ்யத்திலேயே விடுங்கள். எங்கள் ஊர் மின்வெட்டுக்கும் அதுதான் நல்லது. இடி இடித்தால் ரிலே படுத்துவிடும், நிலையான ரிலே என்ற பேர் போய்விடும்.

2024 மார்ச்சில் கம்ப்யூட்டரை வாங்கிக்கொள்ளச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். உண்மையான ஆளைப் பிடித்தார்களா என்று கேட்டேன், பதில் வரவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். சிபியூவைச் சுற்றி வெள்ளைத் துணி, அரக்கு முத்திரை, மை கரைந்த ஒரு எண். அம்மா அரிவாள்மனையால் நூலை அறுத்தாள். உள்ளே ஏழு மாதத் தூசி. பட்டனை அழுத்தியதும் ஃபேன் ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓடியது. பள்ளி மலரின் 62 பக்கமும் அப்படியே இருந்தது, இனி யாருக்கு அது? அப்புறம் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். பேர் சுமைதாங்கி, வேகம் 10 மெகாபிட், அதற்குக் கீழே அந்த ஒன்று. "இன்னும் ஓடுதா அது?" என்றாள் அம்மா. இல்லை என்று சொல்லிவிட்டு, நெட் வயரைச் சொருகும் முன்னால் அந்த வரியை அழித்தேன்.